நர்ஸ் சகோதரிகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டும் நாடகமும் காண வந்த உங்கள்முன் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என எண்ணுவோர் இருக்கலாம். ஆயினும் நம் காலனியில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பலர். இரவு டியூட்டி முடிந்து லோக்கல் ரயிலில் திரும்பும் அவர்கள், தாம் கேட்ட வசவுகளை வீட்டாரிடமும் சொல்வதில்லை.

நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பரேலில் கே.இ.எம். மருத்துவமனை உள்ளது. கர்நாடகத்து ஹல்திபூரிலிருந்து வந்த அருணா ஷான்பாக் அங்கே நர்ஸாக இருந்தார். 1973 நவம்பர் 27 அன்று, உடை மாற்றிக்கொள்ள நிலவறைக்குச் சென்றவரை, அங்கேயே வேலை பார்த்த துப்புரவு ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிச் சீரழித்தான். மூளைக்குப் பிராணவாயு செல்லாது போயிற்று. வேலையில் அவனைக் கண்டித்ததே பகைக்குக் காரணம் என்றார்கள். கொலை முயற்சிக்கும் கொள்ளைக்குமாக 7 ஆண்டுச் சிறை கிடைத்தது. பாலியல் கொடுமை குற்றச்சாட்டிலேயே இடம்பெறவில்லை!

நகரத்து நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்தனர். 2015 மே 18 அன்று அருணா மறையும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேலாக, அம்மருத்துவமனை நர்ஸுகளே அவருக்கு உணவூட்டி, உடம்பு துடைத்துக் காத்தனர். மாநகராட்சி அவரை வேறிடம் அனுப்ப முனைந்தபோதும் விடவில்லை. ஒரு தலைமுறை ஓய்வு பெற, அடுத்த தலைமுறை அக்கட்டிலருகே வந்து நின்றது.

'கொடியவன் ஒருவனின் செயல், நமக்கென்ன?' என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியார் ஒரு மருத்துவமனையில் இருந்தார். நள்ளிரவில் சலைன் தீர்ந்துவிட்டது. வார்டு முழுமைக்கும் ஒரே நர்ஸ். அவரோ மூச்சுத் திணறிய மற்றொருவருக்குப் பிராணவாயு வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை இந்தியில் வைதேன். அச்சொற்களை இம்மேடையில் கூற நாணுகிறேன். கை ஓங்கவில்லை, அவ்வளவுதான். அவர் மறுமொழி கூறாமல் வந்து பாட்டிலை மாற்றினார். விடியற்காலையில் பக்கத்துக் கட்டில் பாட்டியிடம் அவர் நெல்லைத் தமிழில் பேசக் கேட்டேன். தமிழ்ப்பெண் என்றறிந்த பின்தான் எனக்கு வெட்கம் வந்தது. அதுவும் ஒரு வெட்கக்கேடுதான்.

டாக்டர் வரத் தாமதமானாலும், மருந்து இல்லாவிட்டாலும், நம் கோபம் எதிரில் நிற்கும் நர்ஸின் மீதே பாய்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டென மகாராஷ்டிரத்தில் 2010-இல் சட்டம் வந்தது. வசைச் சொல்லோ போலீஸ் வரை போவதில்லை. நர்ஸ் அதை விழுங்கிவிட்டு அடுத்த ஊசியை எடுக்கிறார்.

நாடகம் தொடங்கவிருக்கிறது. இன்று இரவு டியூட்டிக்குச் செல்லும் சகோதரிகள் இருவர் மூன்றாம் வரிசையிலிருந்து இடையில் எழுந்து போக வேண்டியிருக்கும். அன்புகூர்ந்து அவர்களுக்கு வழிவிடுமாறு வேண்டி அமர்கிறேன்.