ஆறு மாதத்துக்குப் பிறகும்

பக்கவாதம் வந்தால் ஆறு மாதத்தில் தேறியதுதான் தேறியது என்று நம்பி, பல வீடுகளில் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேகம் குறைவது வேறு, நின்றுபோவது வேறு. 2006-இல் வெளியான ‘எக்சைட்’ என்ற அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையையே இரண்டு வாரம் பயன்படுத்த வைத்தார்கள். ஓராண்டு கழித்தும் அந்தக் கை மற்றப் பிரிவினருடையதைவிட நன்றாக வேலை செய்தது.

விரலும் மணிக்கட்டும் ஓரளவாவது அசைந்தவர்களைத்தானே சேர்த்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் அசைவு மிச்சமிருக்கும் கைக்கு, டம்ளரைப் பிடிக்கவும் சட்டைப் பித்தானைப் போடவும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை, ஆறு மாதம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.