ஆய்க்குடி ராமகிருஷ்ணன்

ஆய்க்குடி என்றதும் தென்காசிப் பக்கத்தாருக்கு அனுமன் நதிக்கரை முருகன் கோயில் நினைவுக்கு வரும். என்னைப் போன்ற இயன்முறை மருத்துவர்களுக்கு அதோடு சேர்ந்தே வருகிற பெயர் எஸ். ராமகிருஷ்ணன்.

1975-இல் அவர் பொறியியல் மாணவர். கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூரு போன இடத்தில், உடல்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்தில் பலத்த அடி. கையும் காலும் விழுந்துவிட்டன. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை தந்தவர் மருத்துவர் அமர்ஜித் சிங் சஹல். ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கென்று அறிவித்த 1981-ஆம் ஆண்டில், சொந்த ஊரில் ராமகிருஷ்ணன் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்தார்: அமர் சேவா சங்கம்.

அவரைப் பாராட்டும் மேடைகளில் மன உறுதியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த உறுதி குடியிருந்த உடம்பைப் பற்றியும் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தண்டுவடத்தில் பலமாக அடிபட்டால் அசைவோடு உணர்ச்சியும் போய்விடும். நீங்களும் நானும் தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம், இல்லையா? அப்படி அடிபட்டவர்களுக்கு உடம்பு அழுத்துவதே தெரியாது. இடுப்பின் பின்பக்கம், குதிகால் என்று எலும்பு முட்டுகிற இடங்களில் ரத்த ஓட்டம் குறைந்து, தோல் கன்றி, புண் எலும்புவரை இறங்கிவிடும். அதனால் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வோம். நடுராத்திரியிலும்தான்.

தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை கொடுத்து வந்தேன். அவருடைய மகள் சின்னப் பிள்ளை. தினமும் செல்போன் விளக்கை அடித்து அப்பாவின் குதிகாலைப் பார்ப்பது அவள் வேலை. ஒருநாள் நான் உள்ளே நுழையும்போதே, "டாக்டரம்மா, அழுத்திப் பார்த்தேன், செவப்பு மாறவே இல்ல" என்றாள். அழுத்தியும் மாறாத சிவப்பு புண்ணின் முதல் அறிகுறி. சில பேருடைய தோலில் நிற மாற்றம் தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். உடனே காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட்டோம். புண் வரவில்லை. படுத்திருப்பவர் வீட்டில் இருந்தால், நேயர்களே, இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இப்போது ராமகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே இயங்காத உடம்போடு, ஒவ்வொரு நாளும் பிறர் கைத்துணையோடு, போலியோ பாதித்த கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஆய்க்குடியை விட்டு நகரத்துக்குப் போகவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குச் சிகிச்சை வர வேண்டும் என்று நினைத்தார். பிறகு, தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே இருவரும் அந்த நிறுவனத்தை வளர்த்தார்கள். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ. விபத்து நடந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் அவரைத் தூக்கி உட்கார வைத்த கைகளுக்கும் அந்த விருதில் பங்கு உண்டு.

நேரம் நெருங்கிவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.