இரவல் இடிமுழக்கம்!

(ஒலிக்கலை பயிலும் மாணவரிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

நாடக மேடையில் இடி இடிக்க வேண்டுமா? தகரத் தகடொன்றை உலுக்கினால் போதும். குதிரை வரவேண்டுமா? கொட்டாங்கச்சி இரண்டு போதும். நாடகம் எழுதுபவன் நான். அந்தத் தகரத்தைப் பழிக்கமாட்டேன். கொட்டகைக்குள் நுழைபவர், இது நாடகம் என்று தெரிந்தே சீட்டு வாங்குகிறார். ஆனால், போர்முனைச் செய்தியாளரின் கதை கூறும் ஆவண ஒலித்தொடருக்கு – பாட்காஸ்ட் என்கிறோமே, அதற்கு – அதே தகரத்தைத் தூக்கிவரலாமா? இதுதான் உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

1918 நவம்பர் 11. முதல் உலகப்போர் ஓய்ந்த நாள். மோசெல் ஆற்றருகே அமெரிக்கப் படையின் ஆறு ஒலிவாங்கிகள், பகைவன் பீரங்கி எங்கே என்று உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தன. முழக்கம் ஒவ்வோர் ஒலிவாங்கியையும் எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு பீரங்கியின் இடத்தைக் கணக்கிடும் முறை அது. படச்சுருளில் பதிந்தவை கோடுகள், ஒலி அல்ல! காலை 11 மணிக்கு முன் கோடுகள் துடிக்கின்றன; பின் அடங்கி நீள்கின்றன.

அந்த அடக்கத்திலும் ஒரு கத்தரி வேலை உண்டு. 1919-ல் சுருளை அச்சிட்ட அமெரிக்கப் போர்த்துறை நூல், மாறுபாடு பளிச்சிடும் பொருட்டு 11 மணியை ஒட்டிய நிமிடங்களை வெட்டி நீக்கியதாகத் தானே கூறுகிறது.

நூறாண்டு கழித்து, 2018-ல், இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திற்காக ‘கோடா டு கோடா’ நிறுவனத்தார் அக்கோடுகளுக்கு ஒலி வடிவம் தந்தனர். பீரங்கி முழங்குகிறது, ஓய்கிறது, பறவை பாடுகிறது! ஆக்கியோர் எதையும் ஒளிக்கவில்லை. இது எங்கள் ஆக்கம் என்றே அறிவித்தனர். ஆயினும், இணையத்தில் கைமாறிக் கைமாறிச் சென்றபோது அறிவிப்பு உதிர்ந்தது. ஒலி மட்டும் பறந்தது. அன்றே பதிவான ஒலி என்று பலர் நம்பினர்.

நம்பினால் என்ன குடிமுழுகிப் போகும் என்கிறீரா? கேளுங்கள்! ஒரு பொய் முழக்கம் பிடிபட்டால் போதும். உண்மையான ஓலத்தையும் ‘ஜோடிப்பு’ என்று தள்ளிவிட, போர் நடத்துவோர்க்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். குண்டு விழாத இடத்தில் முழக்கம் சேர்க்கக் கற்ற கை, குண்டு விழுந்த இடத்தில் குயிலைக் கூவவைக்கவும் கற்கும். இழப்பு யாருக்கு? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு!

1940 ஆகஸ்ட் 24. இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்று அமெரிக்க மக்களிடம் பேசிக்கொண்டிருந்தார் செய்தியாளர் எட்வர்ட் ஆர். மரோ. அபாயச் சங்கு ஊதியது. அவர் செய்தது என்ன? ஒலிவாங்கியைத் தரையருகே தாழ்த்தினார். பதுங்குமிடம் நோக்கிச் செல்லும் மக்களின் காலடி ஓசை கடல் கடந்து கேட்டது. ஓடவில்லை, அலறவில்லை, நடந்தனர்! அந்த நடையே செய்தி. எந்தத் தகரத் தகடு அதைத் தரமுடியும்?

ஆகவே, ஒலி கோக்கும் இளைஞர்களே, இசை சேர்க்கிறீர்களா? சேருங்கள், இசை என்று செவி அறியும். களத்து ஒலி கிட்டவில்லையா? செய்தியாளரின் குரல் போதும். ஒலியை ஆக்கித்தான் தீரவேண்டுமா? ‘ஆக்கியது’ என்பதை ஒலிக்குள்ளேயே உரைத்துவிடுங்கள். ஓரத்தில் ஒட்டிய குறிப்பு உதிரும். உள்ளே ஒலிக்கும் குரல் உடன் செல்லும்.

கேட்போராகிய நீங்களும் கேளுங்கள்: இந்த முழக்கம் களத்தில் பிறந்ததா, கூடத்தில் பிறந்ததா? அந்தக் கேள்வி ஓயாதவரை, போரின் பெயரால் பொய் ஆளமுடியாது!