பாட்டும் பிழைப்பும்

சென்ற மாதம் ஒரு மாலை, கடுகண்ணாவையிலுள்ள எங்கள் வீட்டுக்கு மாணவி ஒருத்தி தந்தையாரோடு வந்தாள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. இனி உயர்தரத்துக்குப் பாடம் தெரிய வேண்டும். கலைப்பிரிவில் கர்நாடக சங்கீதத்தை எடுத்து, யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்குப் போய், சங்கீத ஆசிரியையாவதா? அல்லது கணிதப் பிரிவா? "நீங்களே சொல்லுங்கள் சேர்" என்றார் தந்தையார்.

பத்து வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு மாணவனுக்கு நான் சட்டென்று விடை சொன்னேன்: "முதலில் சோற்றுக்கு வழி பார் தம்பி. பாட்டு எங்கே போய்விடும்?" அவன் இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். பாட்டுத்தான் போய்விட்டது. ஆகவே இம்முறை நான் அவசரப்படவில்லை. இருவருடைய கதையை மட்டும் சொன்னேன்.

ஒருவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். ஆசிரியராகவும் பின்னர் சித்த வைத்தியராகவும் வாழ்ந்தவர். மருந்து விற்று வந்த பணத்தில் 1912 முதல் இசை மாநாடுகளை நடத்தினார். 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டார். அவருக்குத் தொழில் இசையைப் போஷித்தது.

மற்றவர் நம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர், பின்னர் தமிழ்ப் பேராசிரியர். மறைந்துபோன யாழை மீட்டெடுக்க அவர் சிலப்பதிகாரத்தோடு கணிதத்தையும் துணைக்கழைத்தார். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டார். 1947 ஜூனில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவருக்குக் கல்வியே இசைக்குள் புகுந்து வேலை செய்தது.

இருவருமே இசையை ஓய்வுநேரத்துக்கு ஒதுக்கிவைக்கவில்லை. 'மற்றத் தொழில் கைகொடுக்காவிட்டால் பாட்டு' என்றோ, 'பாட்டு கைவிட்டால் மற்றத் தொழில்' என்றோ அவர்கள் எண்ணவில்லை. ஒன்று மற்றதற்கு என்ன கொடுக்கும் என்பதே அவர்கள் பார்த்த கணக்கு. எந்தப் பிரிவை எடுத்தாலும் நாளாந்த சாதகத்துக்குரிய நேரத்தில் கைவைக்கலாகாது என்பதே நான் சேர்த்துச் சொன்ன ஒரே புத்திமதி.

பிள்ளை சற்று யோசித்தாள். "கணிதமே எடுக்கிறேன் சேர். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளையும் ஆசிரியர் தரம் வரை எழுதுவேன். ஆனால் 'சோதனை முடியட்டும்' என்று அப்பா என் வீணையை உறைபோட்டு மூடக்கூடாது."

தந்தையார் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூடமாட்டேன் மகள்" என்றார்.