தெரிவும் தெளிவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 

திருவள்ளுவர் பொருட்பாலிலே "தெரிந்துதெளிதல்" என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஒருவனை ஆராயாமல் நம்புவதும் பிழை. ஆராய்ந்து நம்பியபின் அவனை ஐயுறுவதும் பிழை என்பது அங்கே அவர் கூறும் கருத்துக்களுள் ஒன்று. முன்னையது தெரிவு, பின்னையது தெளிவு. இவ்விரண்டும் நம்மிடத்தில் எப்படி இருக்கின்றன என்பதை, அண்மைக் காலத்தில் நம் கண்முன்னே நடந்த ஒரு போட்டியைக் கொண்டு ஆராய விரும்புகின்றேன். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்க நான் இங்கே வரவில்லை. நமது சங்கம் கட்சி சாராதது. அவ்வாறே இருத்தல் வேண்டும்.

1949ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி கொழும்பு மருதானையிலே இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பெற்றது. தந்தை செல்வநாயகம் முதல் 2014இல் தலைமை ஏற்ற மாவை சேனாதிராசா வரையில், தலைவர்கள் பேசித் தீர்த்து ஏகமனதாகவே தெரியப்பட்டு வந்தார்கள். 2024ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி, திருகோணமலை நகர மண்டபத்திலேதான் அக்கட்சியின் பொதுச்சபையார் முதன்முறையாக இரகசிய வாக்குமூலம் தமது தலைவரைத் தெரிந்தார்கள். கிளிநொச்சியில் அதிபராக இருந்து அரசியலுக்கு வந்த சி. சிறீதரன், ஜனாதிபதி சட்டத்தரணி ம. ஆ. சுமந்திரன், மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் சீ. யோகேஸ்வரன் ஆகிய மூவர் முன்வந்தனர். யோகேஸ்வரன் இறுதியில் விலகிக்கொள்ள, சிறீதரன் 184 வாக்குகளும் சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர்.

போட்டி வந்ததே அவமானம் என்று பெரியோர் பலர் அப்பொழுது வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கின்றேன். எனினும் அக்கருத்தை ஏற்க மாட்டேன். ஏகமனது என்பது நல்ல சொல்; ஆனால் எல்லோரும் மனமொப்பிச் சொன்னதும் ஏகமனது, எவரும் வாய் திறக்காமல் இருந்ததும் ஏகமனது. இரண்டையும் வெளியில் நின்று வேறுபிரித்தறிய முடியாது. வாக்குச் சீட்டிலே அந்த மயக்கம் இல்லை. 137 பேர் வேறு எண்ணங் கொண்டிருந்தார்கள் என்பது வென்றவருக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது.

வாக்குரிமை உடையோர் சில நூற்றுவரே. ஆனால் விவாதித்தவர்கள் நாம் எல்லோரும். வாசிகசாலையில், சலூனில், சங்கக்கடை வாசலில், கோயில் தேர்முட்டியில், தினசரி பஸ்ஸில், அந்த மாதம் வேறு பேச்சிருக்கவில்லை. அந்த விவாதங்களிற் பெறுமதியானவையும் இருந்தன. கொழும்பிலும் வெளிநாட்டிலும் ஆங்கிலத்தில் வாதாட வல்லவர் வேண்டுமா, ஊரவரோடு நின்று ஊர்மொழி பேசுபவர் வேண்டுமா என்று கேட்டார்கள். தென்னிலங்கைக் கட்சிகளோடு பேரம் பேசுதல் தகுமா, விலகி நிற்றல் தகுமா என்று கேட்டார்கள். கிழக்கு மாகாணத்துக்குத் தலைமையில் உரிய இடம் எப்போது என்று கேட்டார்கள். இவை ஆளைப்பற்றிய கேள்விகள் மட்டுமல்ல, வழியைப்பற்றிய கேள்விகள். இவற்றுக்கு இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

ஆனால் வேறு சில பேச்சுக்களும் காதில் விழுந்தன. இன்னார் எந்தச் சமயத்தவர் என்ற பேச்சு அவற்றுள் ஒன்று. இந்து இளைஞர் சங்கத்து மேடையிலே நின்று இதைச் சொல்லாமற் போனால் நான் கடமை தவறியவனாவேன். செல்வநாயகம் கிறிஸ்தவர். காங்கேசன்துறைத் தொகுதியில் வாக்களித்தோர் பெரும்பாலும் சைவர். 1947இல் அவர்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், 1952இல் தோற்கடித்தார்கள், 1956இல் மீண்டும் அனுப்பினார்கள். சைவ மக்கள் அவரைத் "தந்தை" என்று அழைத்ததனால் சைவம் குறைந்துவிட்டதா? 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்ற மாணவர் காங்கிரசை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகமும் கிறிஸ்தவரே. நான் மிஷன் பாடசாலையிற் படித்த சைவப் பிள்ளை. காலையில் அவர்கள் செபஞ் சொல்லக் கேட்டு, மாலையில் கோயிலில் திருமுறை ஓதி வளர்ந்தவன். ஒருவருடைய நெற்றியைப் பார்த்து அவருடைய நேர்மையை அளக்க முடியாதென்பதை இரண்டு இடத்திலும் கற்றுக்கொண்டேன். தலைமைக்கு வருபவரிடம் கேட்கவேண்டியது, அவர் எங்கே வழிபடுகிறார் என்பதன்று. சொன்னதைச் செய்தாரா, கணக்கை ஒப்புவித்தாரா என்பதே.

இனித் தெளிவைப்பற்றிச் சொல்லுகின்றேன். இங்கேதான் துயரம் இருக்கிறது.

வாக்கெண்ணி முடிந்ததும் தோற்றவர் முடிவை ஏற்று, வென்றவரை வாழ்த்தினார். நன்று என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி ஒரு கிழமையும் நிலைக்கவில்லை. பொதுச்செயலாளர் முதலிய பதவிகளின் தெரிவிலே பிணக்கு மூண்டது, மாநாடு பிற்போடப்பட்டது. பெப்ரவரி மாதத்தில் யார் பொதுச்சபை உறுப்பினர், கூட்டம் விதிப்படி நடந்ததா என்ற வினாக்கள் நீதிமன்றம் ஏறின. மாநாட்டுக்கு இடைக்காலத் தடை வந்தது. தலைவராகத் தெரியப்பட்டவர் மாநாட்டிலே தலைமையேற்க முடியவில்லை. அவ்வாண்டு முடிவில் ஒரு பதில் தலைவரை நியமிக்க நேர்ந்தது.

விளைவு யாது? 2024 செப்ரெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனை ஆதரித்தார். அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள் கிடைத்தன. நவம்பர் 14ஆந் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலிலே, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே. இத்தனைக்கும் உட்பிணக்கொன்றே காரணம் என்று சொல்லுதல் நியாயமாகாது; நாடெங்கும் காற்று மாறி வீசிய காலம் அது. ஆனால், தம் வீட்டு வழக்கைத் தீர்க்க இயலாதவர்கள் நம் வழக்கை எப்படித் தீர்ப்பார்கள் என்று வாக்காளர் பலர் கேட்டதை நாம் அறிவோம்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1939ஆம் ஆண்டிலே இந்திய தேசிய காங்கிரசின் தலைவர் தெரிவில் சுபாஷ் சந்திர போஸ், காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை இருநூற்றுக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். காரியக் கமிட்டியாருட் பெரும்பாலோர் விலகிக்கொண்டனர். காந்தியடிகளின் விருப்பப்படியே புதுக் கமிட்டி அமைத்தல் வேண்டும் என்று திரிபுரி மாநாடு தீர்மானித்தது. ஏப்ரல் மாதத்திலே போஸ் பதவி துறந்தார். அத்துணைப் பெரியோர் கூடிய சபையிலும், வாக்கினால் வந்த முடிவுக்குப் பின்னால் மனம் வரவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரை மாநிலந்தோறும் வாக்காளரே தெரியும் முதனிலைத் தேர்தல் என்றொரு முறை உண்டு. 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி அத்தேர்தல்களிற் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிக்காகோ மாநாட்டில் மண்டபத்திலும் தெருவிலும் குழப்பம் விளைந்தது. அதன்பின் விதிகளைத் திருத்தி, வாக்காளர் தெரிவுக்கே முதன்மை கொடுத்தார்கள். 2008இல் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மாதக்கணக்காகக் கடுமையாக மோதினார்கள். ஜூன் மாதம் தோல்வி உறுதியானதும் ஹிலாரி தம் ஆதரவாளரை ஒபாமாவுக்கு வாக்களிக்கச் சொன்னார். வென்ற ஒபாமா அவரையே இராஜாங்கச் செயலாளராக்கினார். அமெரிக்கர் நம்மினும் நல்லவர் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அவர்கள் இழிமொழி பேசியதும் உண்டு. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இருவரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அவ்வளவே.

விதியை முன்னே எழுதுதல் நமக்குப் புதிதுமன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையின் விதிகளைக் கோயிற் சுவரிலே வெட்டிவைத்தார்கள். இன்ன வயதினர், இன்ன தகுதியினர் என்றும், முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஆகார் என்றும் அங்கே விதித்தார்கள். அது எல்லார்க்கும் உரிமை தந்த முறையன்று. ஆயினும், யார் தகுதியுடையார் என்ற வினாவை ஓலை எடுத்தபின் கிளப்ப இடம் வைக்கவில்லை.

இளைஞர்களே, கட்சிகளைக் குறைகூறி எழுந்து போவது எளிது. நம் வீட்டைப் பார்ப்போம். நம் ஊர்களில் கோயிற் பரிபாலன சபைத் தெரிவு முடிந்து, வழக்காகிப் பல ஆண்டு இழுபட்டவை எத்தனை? ஒரு பக்கத்தார் திருவிழாச் செய்ய, மறுபக்கத்தார் வராமல் நின்ற ஊர்கள் எத்தனை? சனசமூக நிலையத் தலைவர் பதவியில் தோற்றவர் அடுத்த மாதமே அயலில் இன்னொரு நிலையம் தொடங்கியதைக் காணாதவர் இச்சபையில் உண்டா? தமிழரசுக் கட்சியிற் கண்ட நோய் நம் ஒழுங்கையிலேயே இருக்கிறது.

ஆதலால் மூன்று விண்ணப்பங்களை இச்சங்கத்தின் முன் வைக்கின்றேன். முதலாவது, உறுப்பினர் இடாப்பையும் தெரிவு விதிகளையும் வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னரே எல்லோரும் காண ஒட்டிவைத்தல் வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அப்பொழுதே சொல்லட்டும். இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்டோர் ஒரு பதவியை விரும்பினால், அவர்களைப் பின்கதவால் அழைத்து விட்டுக்கொடுக்கச் சொல்லாமல், சபை முன்னே பேச விடுதல் வேண்டும். அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை இளையவனுக்கும் இருக்கட்டும். மூன்றாவது, வென்றவர் தம்மை எதிர்த்தவருக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தல் வேண்டும். தோற்றவர் அதை மறுக்காமல் ஏற்றல் வேண்டும்.

பெரியோர்களே, இளைஞர் பொதுவேலைக்கு வருகிறார்களில்லை என்று நீங்கள் அடிக்கடி மனம் நோகின்றீர்கள். வருகின்றவனுக்குத் தன் வாக்குக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கை வேண்டும். எண்ணிய வாக்கை நாளை ஒருவர் எண்ணாததாக்கிவிடலாம் என்று தோன்றினால், அவன் விமானச் சீட்டைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான்.

ஆராய்ந்து தெரிவோம், தெரிந்தபின் தெளிவோம். அவ்வழக்கத்தை இச்சங்கத்தின் சிறு தெரிவிலிருந்தே தொடங்குவோம்.