சாமி ஒரு வருஷம் லீவுல போறாரு, பங்கு என்ன பண்ணணும்?

ஐடி வேலையில இருக்கிற எல்லாருக்கும் 'கேடி' தெரியும். ரவுடி இல்ல, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். டீம்ல ஒருத்தர் கிளம்புறார்னா அவர் தலைக்குள்ள இருக்கிறதை எல்லாம் அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கணும். சரி, ஒரு ஊர்ல பங்குத்தந்தை ஒரு வருஷம் லீவுல போறார்னா யாருக்குக் கேடி கொடுப்பார்? இன்னைக்குப் பேசப்போறது அதைப் பத்தித்தான்.

தருமபுரி மாவட்டத்துல ஒரு கத்தோலிக்கப் பங்கு. ஊர் பேர் வேண்டாம். என் சித்தப்பா அங்க பங்குப் பேரவையில இருக்கார். அவங்க ஃபாதர் ஒரு வருஷம் 'சபாட்டிக்கல்' போறார்னு பூசையில அறிவிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலமே சித்தப்பா போன் பண்ணி, "என்னப்பா, சாமியை மாத்திட்டாங்களா, இல்ல உடம்புக்கு ஏதாவதா? ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க"ன்னார். இதுல முதல் பிரச்சினை, அந்த வார்த்தையே யாருக்கும் புரியல.

சபாட்டிக்கல்னா சும்மா லீவு இல்ல. வேர் பைபிள்லயே இருக்கு. லேவியர் புத்தகம் 25ஆம் அதிகாரத்துல, ஆறு வருஷம் விதைச்ச நிலத்தை ஏழாவது வருஷம் சும்மா விடணும்னு சொல்லியிருக்கு. மானாவாரியில ராகி போடுற தருமபுரிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தரிசா விட்ட நிலம் செத்த நிலம் இல்ல, தெம்பு ஏத்திக்கிற நிலம். இந்த யோசனையை 1880ல ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பேராசிரியர்களுக்குக் கொண்டுவந்துச்சு. அப்புறம் சபைகளும் எடுத்துக்கிட்டாங்க. படிக்க, ஜெபிக்க, மனசு ஆற ஒரு காலம்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்லுது? 1983ல வந்த சட்டத்தொகுப்புல 533ஆம் எண்ணைப் பாருங்க. பங்குத்தந்தைக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் ஒரு மாசம் விடுமுறை. வருடாந்தரத் தியானம் அந்தக் கணக்குல வராது. ஒரு வாரத்துக்கு மேல ஊர்ல இல்லைன்னா மேலிடத்துக்குச் சொல்லிட்டுத்தான் போகணும். அப்போ ஒரு வருஷம்னா ஆயர் அனுமதி இல்லாம நடக்காது. அதாவது இது ஃபாதர் ஓடிப்போறது இல்ல. இந்த ஒரு விஷயத்தைத் தெளிவா சொன்னாலே பாதி வதந்தி அடங்கிடும்.

பங்குத்தந்தை வேலையைச் செய்ய முடியாத நிலையில இருந்தா, ஆயர் ஒரு 'பங்கு நிர்வாகி'யை நியமிக்கலாம். 539, 540ஆம் எண்கள். பங்குத்தந்தைக்கு இருக்கிற கடமையும் உரிமையும் பெரும்பாலும் அவருக்கும் உண்டு. ஆனா பங்குத்தந்தையோட உரிமைக்கோ பங்குச் சொத்துக்கோ பாதிப்பு வர்ற மாதிரி எதுவும் செய்யக்கூடாது. முடிக்கும்போது கணக்கு ஒப்படைக்கணும். நம்ம பாஷையில சொன்னா, அக்சஸ் எல்லாம் இருக்கு, ஆனா ஓனர் மாறல.

இப்போ களத்துக்கு வருவோம். தருமபுரி மறைமாவட்டம் 1997ல சேலத்துல இருந்து பிரிஞ்சது. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் அதுல அடக்கம். கோவிலூர், பி.பள்ளிப்பட்டி மாதிரி பழைய பங்குகளும் இருக்கு. கிராமத்துப் பங்குல ஃபாதர் பூசை மட்டும் வைக்கிறவர் இல்ல. பஞ்சாயத்து பேசுறவர், ஸ்கூல் ஃபீஸுக்கு வழி பண்றவர், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு பண்றவர் எல்லாம் அவர்தான். இதுல பாதி எந்த நோட்டுலயும் இருக்காது. அவர் போன்லயும் மனசுலயும்தான் இருக்கும்.

அதனால சித்தப்பாகிட்ட நாலு விஷயம் சொன்னேன்.

ஒண்ணு, பட்டியல். படுக்கையில இருக்கிற எந்தெந்தப் பெரியவங்களுக்கு நற்கருணை கொண்டுபோறார்? எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுறார்? ஒவ்வொரு அன்பியமும் அவங்க தெருவுக்கு எழுதட்டும். ரகசியமா செய்ற உதவியை மட்டும் ஃபாதர் நேரா நிர்வாகிகிட்ட சொல்லட்டும்.

ரெண்டு, பணமும் பதிவேடும். பங்குக்கு நிதிக்குழு கட்டாயம்னு 537ஆம் எண் சொல்லுது. ஃபாதர் கிளம்புறதுக்கு முன்னாடியே அது உட்கார்ந்து கணக்கை முடிக்கணும். ஓசூர்லயும் பெங்களூர்லயும் வேலை பார்க்கிற பிள்ளைங்க கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவாங்க. யார் கையெழுத்துன்னு அன்னைக்குத் தேடக்கூடாது.

மூணு, யாரால என்ன முடியும்ங்கிற தெளிவு. பூசை, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல் இதுக்கெல்லாம் குருவானவர் வேணும். ஜெபக்கூட்டம், மறைக்கல்வி, நோயாளிகளைப் பார்க்கிறது இதெல்லாம் பொதுநிலையினரே செய்யலாம். ஆபத்துல இருக்கிற குழந்தைக்கு யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஊர்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

நாலு, போன். இதுதான் கஷ்டமானது. "சாமி, எங்கம்மா சாகுற நேரத்துல உங்களைத்தான் கேட்கிறாங்க"ன்னு ஒருத்தர் கூப்பிட்டா? ஒரு தடவை வந்தா, அடுத்த தடவை வராததுக்குக் கோவம் வரும். வரலைன்னா அந்தக் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் காயம். அதனால இதைப் போறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணணும். அந்த அம்மாவை இப்பவே போய்ப் பார்த்து, புது ஃபாதரையும் கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்தணும். விடைபெறுறதும் மேய்ப்புப் பணிதான்.

சித்தப்பா கேட்டார்: "சாமி இல்லாம ஒரு வருஷம் தாங்குமாப்பா?"

இலங்கைக் கதையை அவருக்குச் சொன்னேன். டச்சுக்காரங்க 1658ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, கத்தோலிக்கக் குருக்களைத் தடை பண்ணிட்டாங்க. 1687ல கோவாவில இருந்து ஜோசப் வாஸ் வேஷம் மாத்திக்கிட்டு வந்து இறங்கினார். கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சும் ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்த குடும்பங்கள் அங்க இருந்தாங்க. வாஸ் ஊர் ஊராப் போனார். எல்லா ஊர்லயும் அவரால தங்க முடியாது. அதனால மூப்பர், அண்ணாவின்னு ஊர்க்காரங்களையே பொறுப்புல வெச்சு ஜெபத்தை நடத்த வெச்சார். 2015ல அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தாங்க. அவங்களே தாங்கினாங்க. உங்களுக்கு ஒரு வருஷம், அதுவும் வேற ஒரு ஃபாதர் இருக்கும்போது!

ஆனா சித்தப்பா கேள்விக்குள்ள வேற ஒரு பயமும் இருந்துச்சு. நாம நல்லா தாங்கிட்டா, திரும்பி வர்ற சாமிக்கு இடம் இருக்குமா? ஃபாதருக்கும் அந்தப் பயம் இருக்கலாம். என் பதில் இதுதான்: அவர் திரும்பி வரும்போது எல்லாத்தையும் மறுபடி அவர் தலையிலயே தூக்கி வெச்சா, அந்த ஓய்வு வீண். நீங்க எடுத்துக்கிட்ட வேலையில பாதியாவது உங்ககிட்டயே இருக்கட்டும். அவர் பூசை வைக்கட்டும், மக்களைப் பார்க்கட்டும், நல்லா தூங்கட்டும்.

நீங்க கிறிஸ்தவரா இல்லாம இருக்கலாம். ஆனா ஒரே ஆள் தலையில ஓடுற சங்கமோ, டீமோ, குடும்பமோ உங்களுக்கும் இருக்கும். அவர் ஒரு மாசம் இல்லைன்னா எது எது நிக்கும்னு இந்த வாரம் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அந்தப் பேப்பரை அவர்கிட்டயே காட்டுங்க.