கோபுரத்து அலையும் சாணத் தாயத்தும்



கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலையால் மனிதனுக்கு நோய் வருமா என்பது பற்றி நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நாம் வைத்தியரல்ல. ஆனால் ருஜு எங்கே என்று கேட்பதற்கு வைத்தியராயிருக்க வேண்டியதில்லையே!

வெளிச்சம், எக்ஸ்ரே, ரேடியோ அலை எல்லாம் ஒரே ஜாதிதான். (சிரிக்காதீர்கள், இந்த ஜாதியை மனு எழுதவில்லை.) துடிப்பின் வேகத்தில்தான் வித்தியாசம். எக்ஸ்ரே, அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்து உயிரணுவைக் கெடுக்கவல்லது. ரேடியோ அலைக்கு அந்தச் சக்தி இல்லை. அது அதிகமானால் சதையைச் சூடாக்கும். நிச்சயமாய்த் தெரிந்த கெடுதி இதுதான். ஆகையால் கோபுரத்திலேறி ஆன்டெனாவின் எதிரே நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு அபாயம் உண்டு. அவனைப் பற்றி எவரும் கூட்டம் போடுவதில்லை. தெருவில் போகிறவனுக்கு வந்து சேருவதோ மிகச் சொற்பம்.

“2011-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களே புற்றுநோய் வரக்கூடும் என்றார்களே?” என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அது சந்தேகத்துக்குரியவற்றின் வகுப்பு. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. வெயிலோ ருஜுவான முதல் வகுப்பில்! பின்னர் 2024-ல் அந்த ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில் 63 ஆராய்ச்சிகளைப் பரிசீலித்தவர்கள், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் காணவில்லை.

கோபுரத்தால் தலைவலி என்கிறவர்கள் பொய் சொல்லுவதாக நாம் சொல்லமாட்டோம். வலி மெய்தான். ஆனால் இப்படிப்பட்டவர்களை அறையில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் அலையை விட்டும் நிறுத்தியும் சோதித்தபோது, எப்போது அலை இருந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கோபுரத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் மட்டும், கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்கும் காரியம் தள்ளிப்போகிறது. நமது கவலை அதுவே.

பயம் இருக்குமிடத்தில் தாயத்து வராமலிருக்குமா? 2020 அக்டோபரில், மத்திய சர்க்கார் அமைத்த ராஷ்ட்ரீய காமதேனு ஆயோக்கின் தலைவர், மாட்டுச் சாணத்தில் செய்த சிப் ஒன்றைக் காட்டி, கைப்பேசியோடு வைத்தால் கதிர்வீச்சு குறையும் என்றார். விஞ்ஞானிகள் பலர் கையொப்பமிட்டு ஆதாரம் கேட்டார்கள். நாம் கேட்பது இவ்வளவுதான்: அது அலையைத் தடுக்குமானால் போன் மணி எப்படி அடிக்கிறது? அரைகுறையாய்த் தடுத்தால் இன்னும் மோசம். சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டியல்லவா அனுப்பும்!

அலையைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் போனைக் காதைவிட்டுச் சற்றுத் தள்ளிவைத்துப் பேசலாம். அதற்குச் சாணமும் வேண்டாம், காசும் வேண்டாம்.